நாலாயிரம் கட்டுரையை யார் படிப்பது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே தலைவலியைப் பற்றியவை: சிஸ்டமேடிக் ரிவ்யூ. அதாவது ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி இதுவரை வெளிவந்த ஆய்வுகளை முன்கூட்டியே எழுதிவைத்த விதிகளின்படி தேடி, சலித்து, எடுத்ததற்கும் தள்ளியதற்கும் கணக்குக் காட்டி எழுதும் மீளாய்வு. தாதிமை, கல்வி, கணினி என்று துறை வேறு வேறு, புலம்பல் ஒன்றுதான். அதனால் பக்கம் முழுவதும் இதற்கே. வாடகை வீடு பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில்.

அக்கா, மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக முதுகலை படிக்கிறேன். நீரிழிவு உள்ள இந்தியர்கள் ஏன் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்வதில்லை என்பது என் தலைப்பு. மருத்துவ ஆய்வுகளின் தரவுத்தளமான பப்மெட்டில் தேடினால் 4,000-க்கு மேல் வருகிறது, அதில் நிறைய அமெரிக்கப் பழங்குடியினர் பற்றியது. கூகுள் ஸ்காலரில் லட்சக்கணக்கில் காட்டுகிறது. எங்கே தொடங்குவது?
– வாசகி, ஈசூன்

பழங்குடியினர் வந்து நிற்பது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் அவர்களை 'அமெரிக்கன் இந்தியன்' என்று எழுதும் வழக்கம் உண்டு, நீங்கள் வெறும் 'இந்தியன்' என்று தட்டினால் தரவுத்தளத்துக்கு இரண்டும் ஒன்றுதான். உடனே 'நாட்' போட்டு அவர்களைக் கழித்துவிடலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். ஒரே கட்டுரையில் இரண்டு சமூகத்தையும் ஒப்பிட்டிருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும், போனது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. அதற்குப் பதில் 'ஏஷியன் இந்தியன்', 'சவுத் ஏஷியன்', 'தமிழ்', 'பஞ்சாபி' என்று நீங்கள் தேடும் மக்களை மற்றவர்கள் எப்படியெல்லாம் எழுதியிருப்பார்கள் என்று யோசித்து அந்தச் சொற்களைச் சேருங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: 'இந்தியர்கள்' என்றால் யார்? சென்னையில் இருப்பவரும் உண்டா, அல்லது சிங்கப்பூர், மலேசியா, லண்டன் என்று வெளியே வாழ்பவர்கள் மட்டுமா? முதல் வகை நீரிழிவும் சேருமா, இரண்டாம் வகை மட்டுமா? இன்சுலின் போடுபவர்கள்? இதையெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைக்காதீர்கள், ஏனென்றால் பிடித்த கட்டுரை கண்ணில் பட்டபிறகு விதி தானாக அதன் பக்கம் வளைந்துகொள்ளும். முதலில் எழுதுங்கள், தேதி போடுங்கள், முடிந்தால் பிராஸ்பெரோவில் பதியுங்கள். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக மையம் 2011 முதல் நடத்திவரும் மீளாய்வுத் திட்டங்களின் பதிவேடு அது, இலவசம்.

சரி, தேடல். கேள்வியை மூன்று கட்டமாகப் பிரியுங்கள்: மக்கள், நோய், மருந்து எடுத்துக்கொள்ளும் பழக்கம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரே பொருள் தரும் சொற்களை 'ஆர்' (எது இருந்தாலும் போதும்) போட்டு அடுக்குங்கள், கட்டங்களை 'ஆண்ட்' (எல்லாமே இருக்க வேண்டும்) போட்டு இணையுங்கள். மூன்றாவது கட்டத்தில்தான் பலர் சறுக்குவார்கள். இன்று எல்லோரும் 'அடிஹியரன்ஸ்' என்கிறார்கள், ஆனால் பழைய கட்டுரைகள் 'கம்ப்ளையன்ஸ்' என்றே எழுதின, பிரிட்டனில் கொஞ்ச காலம் 'கன்கார்டன்ஸ்' என்றும் எழுதினார்கள். ஒன்றை விட்டால் ஒரு காலகட்டமே போய்விடும். சொல்லின் அடிப்பகுதிக்குப் பின் நட்சத்திரக் குறி போட்டால் விகுதி மாறிய சொற்களும் வரும், பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலையும் அமெரிக்க எழுத்துக்கூட்டலையும் இரண்டாகவே தட்ட வேண்டும். இதோடு பப்மெட்டின் சொந்தப் பொருள் தலைப்புகளான 'மெஷ்' சொற்களையும் சேருங்கள். ஒன்று இருந்தால் போதாதா என்றால், போதாது: பப்மெட்டில் இருக்கும் எல்லாக் கட்டுரைக்கும் மெஷ் தலைப்பு ஒட்டுவதில்லை, ஒட்டாதவை சாதாரணச் சொல்லில்தான் சிக்கும்.

'காரணங்கள்' என்று நான்காவது கட்டம் ஒன்று போடத் தோன்றும். போடாதீர்கள். நம்பிக்கை, செலவு, பக்கவிளைவு என்றெல்லாம் கட்டுரைக்குள் விரிவாக எழுதியிருப்பார்கள், ஆனால் சுருக்கத்தில் ஒரு வார்த்தை இருக்காது, பப்மெட் தேடுவதோ தலைப்பையும் சுருக்கத்தையும்தான். காரணம் சொல்கிறதா இல்லையா என்று கட்டுரையைத் திறந்து நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பப்மெட் மட்டும் போதாது. நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசி எழுதிய தாதிமை ஆய்வுகளுக்கு சினால், மருந்து சார்ந்தவற்றுக்கு எம்பேஸ், மனப்பாங்கு சார்ந்தவற்றுக்கு சைக்இன்ஃபோ. ஒவ்வொன்றுக்கும் இலக்கணம் வேறு, மெஷ் சொல்லை அப்படியே எம்பேஸில் ஒட்டினால் வேலை செய்யாது, அங்கே எம்ட்ரீ என்று தனி அகராதி. கூகுள் ஸ்காலர் லட்சம் என்று காட்டினாலும் முதல் 1,000-க்கு மேல் பார்க்கவே விடாது, அதனால் அதைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 'இன்ன தேதியில் முதல் 200 பார்த்தேன்' என்று எழுதிவிடுங்கள்.

தேடல் சரியா என்று எப்படித் தெரியும்? இந்தத் தலைப்பில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று உங்களுக்கும் உங்கள் மேற்பார்வையாளருக்கும் தெரிந்த ஐந்தாறு கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தேடலில் அவை வருகின்றனவா? ஒன்று வராவிட்டாலும் அது ஏன் நழுவியது என்று அதன் தலைப்பையும் சுருக்கத்தையும் திறந்து பாருங்கள், விட்டுப்போன சொல் அங்கேயே கிடைக்கும்.

தேடிய தேதி, தரவுத்தளம், முழுத் தேடல் வரி, வந்த எண்ணிக்கை, நான்கையும் அன்றே ஒரு கோப்பில் ஒட்டிவிடுங்கள். மீளாய்வில் எதையெல்லாம் எழுதிக்காட்ட வேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா வழிகாட்டி 2009-ல் வந்தபோது ஒரு தரவுத்தளத்தின் முழுத் தேடலைக் காட்டினால் போதும் என்றது. 2020 பதிப்பு எல்லாவற்றையும் கேட்கிறது. ஆறு மாதம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுத முடியாது.

இன்னொன்று, பல்கலைக்கழக நூலகத்தில் உங்கள் துறைக்கென்றே ஒரு நூலகர் இருப்பார். நம் பிள்ளைகள் ஏர்கானுக்கும் பிளக் பாயின்டுக்கும் நூலகம் போகிறார்கள், அவரிடம் மட்டும் போவதில்லை. தேடல் வரியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். இவ்வளவு செய்தபிறகும் 4,000 வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. தலைப்பும் சுருக்கமும் பார்க்கத் தலைக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும் சுமார் 33 மணி நேரம்தான், ஷிஃப்ட் முடிந்த கையோடு உட்காராமல் விடுப்பு நாட்களில் பிரித்துப் பாருங்கள்.

இரண்டு பேர் தனித்தனியாகச் சலிக்க வேண்டும் என்று வழிகாட்டிகள் எல்லாம் சொல்கின்றன. என் ஆய்வேட்டை நான் தனியாகத்தான் எழுதுகிறேன். என் கணவரை உட்காரவைக்கலாமா? அவர் வங்கியில் வேலை செய்கிறார்.
– வாசகி, செங்காங்

உட்காரவைக்கலாம், குடும்பத்தில் அமைதி நிலவுமா என்பது வேறு விஷயம். ஆனால் சுருக்கத்தைப் படித்து 'இது பரிசோதனை ஆய்வா, வெறும் கருத்துரையா' என்று சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஒரு வகுப்புத் தோழியைப் பிடித்து, அவருடையதை நீங்கள், உங்களுடையதை அவர் என்று மாற்றிக்கொள்வது நல்லது. ஆய்வேட்டுக்கு முழுவதையும் இரண்டு பேர் பார்க்க முடியாவிட்டால், ஒரு பங்கை, பத்தோ இருபதோ சதவீதத்தை, இரண்டாமவரும் பார்த்தார் என்று மறைக்காமல் எழுதுவதைப் பல துறைகளில் ஏற்றுக்கொள்கிறார்கள். உங்கள் மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தொடங்குமுன் இருவரும் அதே 50 கட்டுரையைத் தனித்தனியாகப் பாருங்கள். அங்கேதான் விதியின் ஓட்டைகள் தெரியும். 'முதியோர்' என்று எழுதியிருப்பீர்கள், அவர் 60 என்று நினைப்பார், நீங்கள் 65 என்று நினைத்திருப்பீர்கள். கட்டுரைகளைச் சலிக்க உதவும் ரய்யான் மென்பொருளில் ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல் மறைக்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு வேலை செய்யுங்கள்.

எத்தனை சதவீதம் ஒத்துப்போனது என்று மட்டும் பெருமையாக எழுதாதீர்கள். 100 கட்டுரையில் 97-ஐ எப்படியும் தள்ளத்தான் போகிறீர்கள் என்றால், இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு அந்த விகிதத்தில் 'வேண்டாம், வேண்டாம்' என்று குத்தினாலே 94 ஒத்துப்போய்விடும். இந்தத் தற்செயல் ஒற்றுமையைக் கழித்துப் பார்க்கத்தான் ஜேகப் கோஹன் 1960-ல் கப்பா என்ற அளவைக் கொடுத்தார், அதைக் கணக்கிடுங்கள்.

முதல் சுற்றில் சந்தேகம் வந்தால் உள்ளே விடுங்கள். முழுக் கட்டுரையைப் படிக்கும் சுற்றில் இரக்கம் காட்டாதீர்கள், ஆனால் தள்ளும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுதுங்கள். காரணங்களை ஒரே வரிசையில் பாருங்கள்: மக்கள் பொருந்துகிறார்களா, பிறகு ஆய்வு வகை, பிறகு மற்றவை. முதலில் எது இடறுகிறதோ அதுவே காரணம். 'கட்டுரை கிடைக்கவில்லை' என்பது தள்ளுவதற்கான காரணம் அல்ல, எத்தனை வந்தன, எத்தனை போயின என்று காட்டும் பிரிஸ்மா வரைபடத்தில் அதற்குத் தனிப் பெட்டி இருக்கிறது. அப்புறம், 'சமீபத்திய கட்டுரைகள்' என்பது விதியே இல்லை. 2015-க்குப் பிறகு என்றால் ஏன் 2015? அந்த ஆண்டு சிகிச்சை முறை மாறியதா, சட்டம் வந்ததா? ஒன்றும் இல்லை, எண் அழகாக இருக்கிறது என்றால் அந்த வரம்பை எடுத்துவிடுங்கள்.

பேராசிரியர் 'கியூ1', அதாவது தரவரிசையின் முதல் கால்பங்கில் உள்ள இதழ்களில் வந்ததை மட்டும் எடுக்கச் சொல்கிறார். தரம் முக்கியம் என்கிறார். சரியா மேடம்?
– மாணவர், ஜூரோங் வெஸ்ட்

தரம் முக்கியம்தான், ஆனால் இதழின் தரம் வேறு, ஆய்வின் தரம் வேறு. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட கட்டுரை 1998-ல் லான்செட்டில்தான் வந்தது, அதைவிடப் பெரிய இதழ் எத்தனை இருக்கிறது? 2010-ல்தான் திரும்பப் பெற்றார்கள். ஒவ்வொரு கட்டுரையையும் அதன் முறையை வைத்து எடைபோட கருவிகள் இருக்கின்றன: தற்செயல் ஒதுக்கீட்டுப் பரிசோதனைகளுக்கு ராப் 2, பல வகை ஆய்வும் கலந்திருந்தால் எம்எம்ஏடி, நேர்காணல் வகைக்கு காஸ்ப். பேராசிரியரிடம் 'நீங்கள் சொன்னது தப்பு' என்று போய் நிற்காமல், 'சார், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தரம் குறைந்தவற்றை நீக்கினால் முடிவு மாறுகிறதா என்று தனியாகக் காட்டட்டுமா' என்று கேளுங்கள். ஒத்துக்கொள்வார்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இது வெறும் சடங்கு இல்லை. தீவிர சிகிச்சையில் ஏற்றும் ஒரு வகை ஸ்டார்ச் திரவத்தைப் பற்றிய பரிசோதனைகளை 2013-ல் ஜாமா இதழில் தொகுத்தார்கள். ஏற்கெனவே பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்ட ஒரே மயக்க மருந்து நிபுணரின் 7 பரிசோதனைகளை நீக்கிவிட்டுப் பார்த்தபோதுதான், அந்தத் திரவம் ஏற்றியவர்களிடையே மரணம் கூடுதல் என்பது தெளிவாகத் தெரிந்தது. ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் பட்டியலை 2023-ல் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. மேற்கோள்களைச் சேமிக்கும் மென்பொருளான ஸொடேரோவில் கட்டுரைகளைச் சேர்த்து வைத்திருந்தால் அதுவே எச்சரிக்கும்.

நான் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர். வீட்டில் தமிழ் பேசும் பழக்கம் பற்றிய ஆய்வுகளைத் தொகுக்கிறேன். கல்வி ஆய்வுகளுக்கான எரிக் தரவுத்தளத்தில் கொஞ்சமே கிடைத்தது. கிடைத்த கட்டுரைகளின் பின்னிணைப்பில் உள்ள மேற்கோள் பட்டியலிலிருந்துதான் அதிகம் கிடைக்கிறது. இப்படி எடுப்பது முறைமீறலா?
– ஆசிரியர், தெம்பனிஸ்

இல்லவே இல்லை, தாராளமாகச் செய்யுங்கள் ஐயா. 2005-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இரண்டு ஆய்வாளர்கள் தங்கள் சொந்த மீளாய்வையே பிரித்துப் பார்த்து எழுதினார்கள்: எடுத்த 495 ஆதாரங்களில் முன்கூட்டித் திட்டமிட்ட தேடலில் கிடைத்தது 30 சதவீதம்தான், மேற்கோள் பிடித்து மேற்கோளாகப் போனதில் கிடைத்தது 51 சதவீதம். உங்களுடையதைப் போலப் பல துறைகளில் சிதறிக் கிடக்கும் தலைப்புக்கு அது இன்னும் பொருந்தும். பின்னோக்கி மட்டும் போகாதீர்கள், அந்தக் கட்டுரையைப் பிறகு யார் மேற்கோள் காட்டினார்கள் என்று ஸ்கோபஸிலோ கூகுள் ஸ்காலரிலோ முன்னோக்கியும் பாருங்கள். எந்தக் கட்டுரையிலிருந்து எது கிடைத்தது என்று குறித்து வையுங்கள், அவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு. ஒரே வட்டத்தில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டிக்கொள்வார்கள், நீங்கள் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிவிட்டு ஊரையே பார்த்துவிட்டதாக நினைப்பீர்கள். அதனால் தொடக்கக் கட்டுரைகளை வேறு வேறு நாடு, வேறு வேறு காலம் என்று பார்த்து எடுங்கள். எரிக்கில் குறைவாகக் கிடைத்ததற்கும் நீங்கள் தட்டிய சொல்தான் காரணமாக இருக்கும் என்று என் ஊகம். நாம் இங்கே 'மதர் டங்' என்போம், அமெரிக்கர்கள் 'ஹெரிடேஜ் லாங்குவேஜ்' என்பார்கள், ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் 'கம்யூனிட்டி லாங்குவேஜ்', மற்ற சிலர் 'ஹோம் லாங்குவேஜ்'. 'தமிழ்' என்ற சொல் தலைப்பிலோ சுருக்கத்திலோ இல்லாமல் 'சிங்கப்பூரின் மூன்று தாய்மொழிகள்' என்று மட்டும் எழுதிய கட்டுரைகளும் இருக்கும், அவற்றை முழுதாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

தமிழில் எழுதப்பட்டவற்றைப் பெரிய தரவுத்தளங்களில் தேடிப் பயனில்லை. விக்டோரியா ஸ்ட்ரீட்டில் லீ கோங் சியான் நோக்கு நூலகத்துக்குப் போய், தமிழாசிரியர் மாநாட்டு மலர்களையும் கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்புகளையும் பொருளடக்கம் பார்த்துக் கையால் புரட்டுங்கள். கையால் தேடுவதும் அங்கீகரிக்கப்பட்ட முறைதான், எந்தத் தொகுப்பு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று எழுதினால் போதும். என்டியு, என்யுஎஸ் பல்கலைக்கழகக் களஞ்சியங்களில் உள்ள ஆய்வேடுகளையும் விடாதீர்கள். ஆய்வேடு எதற்கு என்றால், 'எந்த வித்தியாசமும் இல்லை' என்று முடிவு வந்த ஆய்வு இதழ்வரை போகாமல் அங்கேயே தங்கிவிடும். மருந்து உலகில் இதை எண்ணியே பார்த்தார்கள்: அமெரிக்க அரசிடம் பதிவான மனச்சோர்வு மருந்துப் பரிசோதனைகள் 74. நல்ல முடிவு வந்த 38-ல் 37 அச்சாகிவிட்டன. மீதி 36-ல் 22 அச்சேறவே இல்லை, 11 நல்ல முடிவு போலத் தோன்றும்படி எழுதப்பட்டிருந்தன. 2008-ல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்த கணக்கு இது. இதழ்களை மட்டும் படித்தவருக்கு அந்த மருந்துகள் கிட்டத்தட்ட எப்போதும் வேலை செய்வதுபோலத் தெரிந்திருக்கும்.

சாட்ஜிபிடியிடம் 'இந்தத் தலைப்பில் 30 கட்டுரை கொடு' என்றால் பட்டியல் போட்டே தருகிறதே, அப்புறம் ஏன் இவ்வளவு சிரமம்?
– வாசகர், பொங்கோல்

தரும் தம்பி, ஆனால் அதில் சில இந்த உலகத்தில் இருக்காது. ஆசிரியர் பெயர் உண்மையாக இருக்கும், இதழ் பெயர் உண்மையாக இருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. நியூயார்க்கில் 2023-ல் வழக்கறிஞர்கள் இப்படிக் கிடைத்த, இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். புதிய பதிப்புகள் இணையத்தில் தேடிப் பார்த்து உண்மையான கட்டுரையையே தந்தாலும் பிரச்சினை தீராது: எதைத் தேடியது, எதை விட்டது என்று உங்களால் காட்ட முடியாது, நாளைக்குக் கேட்டால் வேறு பட்டியல் வரும். முறைப்படியான மீளாய்வுக்கு அது ஆகாது. ஒரே பொருள் தரும் சொற்களை யோசித்துத் தரச் சொல்லுங்கள், அதில் கெட்டி. சலிக்கும் கட்டத்தில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஏஎஸ் ரிவ்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, நீங்கள் 'வேண்டும், வேண்டாம்' என்று சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டு பொருத்தமானவற்றை மேலே கொண்டுவரும். எங்கே நிறுத்துவது என்ற விதியை மட்டும் தொடங்கும் முன்பே நீங்கள் எழுதிவைக்க வேண்டும்.

என் மகள் இளங்கலை மூன்றாம் ஆண்டு. ஒரே செமஸ்டரில் சிஸ்டமேடிக் ரிவ்யூ முடிக்க வேண்டுமாம், தூங்குவதே இல்லை. இது நியாயமா?
– ஒரு தாய், அங் மோ கியோ

நியாயம் இல்லை அம்மா. பிராஸ்பெரோவில் பதிந்த மீளாய்வுகளை 2017-ல் கணக்கெடுத்தபோது, பதிவிலிருந்து வெளியீடு வரை சராசரியாக 67 வாரம் ஆகியிருந்தது, அதுவும் சராசரி ஐந்து பேர் சேர்ந்து. மகளிடம் கேள்வியை நன்றாகக் குறுக்கச் சொல்லுங்கள், ஒரு நாடு, ஒரு வயதுப் பிரிவு, ஒரே ஆய்வு வகை என்று. இரண்டு தரவுத்தளம் போதும். தலைப்பில் 'சிஸ்டமேடிக் ரிவ்யூ' என்று போடாமல் 'முறைப்படியான தேடலுடன் ஓர் இலக்கிய மீளாய்வு' என்று போடலாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்கட்டும், செய்ததைத்தான் சொன்னதாகவும் இருக்கும். ஸ்கோப்பிங் ரிவ்யூ, அதாவது ஒரு துறையில் என்னென்ன ஆய்வுகள் இருக்கின்றன என்று பட்டியலிடும் மீளாய்வு, என்று மாற்றினால் சுலபம் என்று தோழிகள் சொல்வார்கள், நம்ப வேண்டாம், அதில் கேள்வி இன்னும் அகலம், கட்டுரையும் அதிகம்.

பட்டம் வாங்கிவிட்டேன், பல்கலைக்கழகக் கணக்கையும் மூடிவிட்டார்கள். மீளாய்வு இன்னும் முடியவில்லை, சில கட்டுரைகளைத் திறக்கவே முடியவில்லை. என்ன செய்வது?
– வாசகர், தோ பாயோ

தேடலுக்குப் பப்மெட்டும் எரிக்கும் எப்போதும் இலவசம். முழுக் கட்டுரைக்கு உலாவியில் அன்பேவால் என்ற நீட்சியைப் போட்டுக்கொள்ளுங்கள், சட்டப்படி இலவசமாக எங்காவது இருந்தால் காட்டிக்கொடுக்கும். தேசிய நூலக வாரிய உறுப்பினருக்கு இணையத் தரவுத்தளங்கள் சில திறக்கும், எவை என்று நூலகத்தின் நோக்கு முகப்பில் கேளுங்கள். முன்னாள் மாணவர்களுக்கு நூலகத்துக்குள் வந்து படிக்க அனுமதி உண்டா என்று உங்கள் பல்கலைக்கழகத்திலும் விசாரியுங்கள். அதற்கும் மேல் மிஞ்சுவதற்குக் கட்டுரை ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள், தன் கட்டுரையை ஒருவர் கேட்கிறார் என்றால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக அனுப்புவார்கள். இரண்டு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் 'பெற முடியாதவை' என்ற பெட்டியில் எண்ணிக்கையைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.